சம்பந்தியோடு டுரியன் வாங்கப் போனது

1

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தேன்.

"சம்மந்தி! நல்லா இருக்கீங்களா? சாப்டாச்சா?"

ஆண் குரல். இந்தியப் பக்கத்துத் தமிழ் மாதிரி இருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் குதித்து வந்தது. ரொறன்ரோவில் தமிழில் பேசி இன்சூரன்ஸ் விற்கிறவர்களும் வீடு விற்கிறவர்களும் நிறையப் பேர். அண்ணை என்றும் அங்கிள் என்றும் உறவுமுறை சொல்லித்தான் தொடங்குவார்கள். இவன் புதிதாகச் சம்பந்தி என்று தொடங்குகிறான் என்று நினைத்தேன். அப்படிப்பட்டவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் பேசாமல் கட் பண்ணிவிடுவேன். கட் பண்ணினேன். திரும்ப அடித்தது. திரும்பவும் கட் பண்ணினேன்.

மூன்றாம் முறை மனைவியின் தொலைபேசி அடித்தது. மலர் குசினிக்குள் நின்று சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். "ஓம் ஓம், வருவார். நான் அனுப்பிவிடுறன்" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு அகப்பையோடு வெளியே வந்தாள்.

"மனுசன் எடுக்க எடுக்க ஏனப்பா கட் பண்ணினீங்கள்?"

"ஆரது?"

"லிம். ஜேசன்ரை அப்பா. சனிக்கிழமை டுரியன் வாங்கப் போறாராம். உங்களையும் வரட்டாம்."

"அவர் தமிழெல்லோ கதைச்சவர்!"

மலர் அகப்பையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"உங்கடை சம்பந்திக்குத் தமிழ் தெரியும் எண்டது ஸ்காபரோவிலை இருக்கிற எங்கடை சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒரு வருசமாத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ஜேசன் என் மகள் அபியின் கணவன். மலேசியாவிலிருந்து வந்த சீனக் குடும்பம். அந்தச் சனிக்கிழமையோடு அவர்கள் கலியாணம் முடித்து ஒரு வருஷம். அந்தக் கலியாணத்துக்கு நான் போகவில்லை. ஒரே மகளின் கலியாணம், இதே ரொறன்ரோவில், எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போகக்கூடிய மண்டபத்தில் நடந்தது. அதன் பிறகு யாராவது அந்தக் கதையை எடுத்தால் எழும்பி வெளியே போய்விடுவேன். போகப்போக வீட்டில் ஒருவரும் எடுக்காமல் விட்டார்கள். லிம்முக்குத் தமிழ் தெரியும் என்பதும் அப்படித்தான் என் காதுக்கு வராமல் போயிருக்கிறது.

அபி மாதத்தில் ஒருநாள் வருவாள். தாயோடு குசினிக்குள் இருந்து மணிக்கணக்காகக் கதைப்பாள். என்னிடம் வந்ததும் "ஹாய் அப்பா", போகும்போது "பாய் அப்பா". அந்த இரண்டுக்கும் இடையில் ஒன்றும் இல்லை.

2

எங்களைப் போல மொழி தெரியாமல் இங்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஊரில் இருக்கிறவர்கள் அதை அவ்வளவாக அறியமாட்டார்கள். தாய் தகப்பனுக்காகக் கதைக்கிற வேலை.

அபி அதை ஏழு வயதில் தொடங்கினாள். மின்சார பில் பிழையாக வந்தால் தொலைபேசியில் அவள்தான் கதைப்பாள். ஒரு சின்னப்பிள்ளையின் குரலைக் கேட்டு அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் பெரியவர்களைக் கூப்பிடச் சொல்வார்கள். "பெரிய ஆக்களுக்குக் கதைக்கத் தெரியாது, என்னட்டைச் சொல்லுங்கோ" என்று இவள் இங்கிலிஷில் வெட்டிச் சொல்வாள். டொக்டரிடம் என் வயிற்று வருத்தத்தை அவள்தான் விளங்கப்படுத்தினாள். பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோரைக் கூப்பிட்டபோது, ரீச்சர் இவளைப் பற்றிச் சொன்ன முறைப்பாட்டையும் இவளே எனக்கு மொழிபெயர்த்தாள். "அப்பா, நான் வகுப்பிலை கூடக் கதைக்கிறனாம்." ஒளிக்காமல் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது.

குடியுரிமைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டபோது முதல்முறை நான் பெயிலானேன். விடைகள் தெரியாமல் இல்லை. எதிரே இருந்த பெண் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். அவள் காத்திருக்கக் காத்திருக்க எனக்கு வாய் திறபடவில்லை. இரண்டாம் முறைக்கு அபி என்னைச் சாப்பாட்டு மேசையில் இருத்தி, கையில் ஓர் அகப்பையை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு, தினமும் கேள்வி கேட்டாள். அந்தமுறை எப்படியோ பாஸ்பண்ணிவிட்டேன்.

இங்கிலிஷ்தான் குறை என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். தமிழிலும் நான் அப்படித்தான். செத்தவீட்டில் இரண்டு வார்த்தை சொல்லக் கேட்டாலே பின்கதவால் போய்விடுகிறவன். ரெக்ஸ்டேல் பக்கம் ரொட்டி சுடுகிற ஒரு பாண் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். அங்கே இயந்திரச் சத்தத்தில் ஒருவரோடு ஒருவர் கதைக்க முடியாது. அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அபி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். அன்றைய நிகழ்ச்சிகள் நேரம் போட்டு எழுதப்பட்டிருந்தன. அதில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். பெண்ணின் தகப்பன் பேச்சு, ஐந்து நிமிஷம்.

"சின்ன வயசிலையிருந்து எல்லா இடத்திலையும் உங்களுக்காக நான் கதைச்சிருக்கிறன் அப்பா. ஒருநாள் எனக்காக நீங்கள் கதையுங்கோ. ஜஸ்ட் ஃபைவ் மினிற்ஸ்."

"எனக்கு இங்கிலிஷ் எங்கை பிள்ளை வருது?"

"தமிழிலை கதையுங்கோ. நான் ட்ரான்ஸ்லேற் பண்ணுறன். நான்தானே எப்பவும் பண்ணுறனான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னிடம் இருந்த ஒரே சாக்குப்போக்கையும் அவள் எடுத்துவிட்டாள்.

எழுதிப் பார்த்தேன். ஒரு கொப்பித்தாளின் ஒரு பக்கம் வந்தது. வேலைக்குப் போகிற வழியில் தொழிற்சாலைப் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வாசித்துப் பார்த்தேன். தனியே இருந்த காருக்குள்ளும் இரண்டாம் வரிக்கு மேலே குரல் வரவில்லை.

மூன்று கிழமை இருக்கும்போது அபி குசினிக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்டாள். "எழுதிட்டீங்களோ அப்பா?"

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"சீனனுக்குக் குடுக்கிற கலியாணத்திலை எழும்பி நிண்டு நான் என்னத்தைக் கதைக்கிறது?"

அது என் சொந்த வார்த்தை இல்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னது. காதில் கிடந்தது, எடுத்துவிட்டேன். ஜேசனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று தரம் வீட்டுக்கு வந்திருந்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு வருவான். மலரின் உறைப்புக் கறியைக் கண்ணீர் வழிய வழியக் கையால் சாப்பிடுவான். ஆனால் கோபக்காரத் தகப்பனுக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு மரியாதை இருக்கிறது. பயந்த தகப்பனுக்கு அது இல்லை. நான் கோபக்காரனாக இருந்துகொண்டேன்.

அபி சண்டை பிடிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "ஓகே" என்றாள்.

அடுத்த கிழமை எங்கள் சுப்பவைசர், கலியாண நாளன்று வேலைக்கு ஓர் ஆள் தேவை என்று கேட்டான். கையை உயர்த்தினேன்.

3

சனிக்கிழமை லிம் தன்னுடைய காரிலேயே வந்து இறங்கினார். கட்டையான மனிதர். எழுபதுக்குக் கிட்ட வயது. தலையில் தொப்பி, சட்டைப் பையில் இரண்டு பேனை. "வாங்க சம்மந்தி, முன்னாடி உக்காருங்க" என்று கதவைத் திறந்துவிட்டார். கலியாணத்தைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன். அவர் அதைக் கேட்கவில்லை. போகும் வழி முழுவதும் தன்னுடைய தமிழைப் பற்றிக் கதைத்தார்.

அவருடைய தகப்பன் மலேசியாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தாராம். சுற்றிவரத் தமிழ்ச் சனம்.

"நான் அடி வாங்கினதும் தமிழ்ல, திருடினதும் தமிழ்ல. கனடா வந்து நாப்பது வருசம் பேச ஆள் இல்ல. வாய்க்குள்ளயே இருந்துச்சு லா. என் மகன் தமிழ்ப் பொண்ணக் கூட்டிட்டு வந்தான். நான் சந்தோசத்துல குதிச்சேன். என் பொண்டாட்டிக்குக் கோவம். 'பொண்ணப் பாத்து சந்தோசமா, மொழியப் பாத்து சந்தோசமா'ங்குது."

நான் சிரித்தேன். அவரோடு கதைப்பது இலேசாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

டுரியன் பழத்தை யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்கள் பலர் கண்டிருக்கமாட்டார்கள். எங்கள் மண்ணில் அது வராது. கண்டி, கம்பஹாப் பக்கத்துப் பழம். சிறிய பலாப்பழத்தில் விரல்நுனி அளவு முள் வைத்ததுபோல இருக்கும். கனடாவுக்கு வருவதற்கு முதல் கொழும்பில் லொட்ஜில் நின்ற நாட்களில், கோட்டைப் பக்கம் அதன் மணத்தைக் கண்டு தெருவைக் கடந்து மற்றப் பக்கத்தால் போயிருக்கிறேன். வாயில் வைத்ததில்லை.

கடை ஸ்காபரோவில் ஒரு சீனப் பிளாசாவின் மூலையில் இருந்தது. முன்பக்கம் வழக்கமான மரக்கறிக் கடைதான். வலைப்பைக்குள் போட்ட தாய்லாந்து டுரியன்கள் குளிர்ப்பெட்டிக்குள் கிடந்தன. நான் அதில் ஒன்றைத் தூக்கினேன். லிம் என் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தார்.

"இது பேர் உள்ள பழம். ஒட்டு மரம். எதை எடுத்தாலும் ஒரே ருசி. நாம வந்தது பேர் இல்லாத பழத்துக்கு. கம்பத்து டுரியான்."

கம்பம் என்றால் அவர்கள் பக்கம் கிராமம். வீட்டுக்குப் பின்னாலும் ஆற்றங்கரையிலும் கொட்டை விழுந்து தானாக முளைத்த பழைய மரங்களின் பழம். ஒட்டுக் கட்டாததால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு ருசி. ஒரே மரத்தின் பழமே வருஷத்துக்கு வருஷம் மாறுமாம். இங்கே அது வருவது அருமை. வருஷத்தில் ஒருதரம், முழுப்பழமாக உறையவைத்து, ஒரு சில பெட்டிகள் வரும். கடைக்காரப் பெண் தெரிந்தவர்களுக்கு மட்டும் தொலைபேசியில் சொல்வாளாம்.

அவள் கடையின் பின்பக்கத்தில் இரண்டு மேசை போட்டு, பிளாஸ்ரிக் விரித்து, தடித்த கையுறையோடு நின்றாள். இளகிய பழங்கள் ஒரு தட்டில் இருந்தன. பெரிய தேங்காய் அளவுதான். நிறமும் சீராக இல்லை. மணம் என்னைக் கழுத்தில் பிடித்தது. பழுத்த பலாப்பழத்தையும் வெங்காயத்தையும் சாராயத்தையும் ஒரு அறைக்குள் வைத்துப் பூட்டியது மாதிரி. சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் மலேசியச் சீனர்கள். தொலைந்த ஒன்றைக் கண்டெடுத்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பெண் ஒரு பழத்தின் தோலில் தையல்போல ஓடும் கோட்டைப் பார்த்துக் கத்தியைக் குத்தித் திருப்பினாள். வாய் பிளந்தது. ஒரு சுளையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க" என்றார் லிம்.

வாயில் வைத்தேன். தண்ணீராக இருந்தது. பிறகு புளித்தது. பழுதான பால் மாதிரி.

"நல்லாயிருக்கு" என்றேன்.

லிம்மும் ஒரு சுளை எடுத்தார். உடனே கடதாசியில் துப்பினார்.

"சம்மந்தி, இது நல்லா இருக்கா?"

"ஓம்."

"ஓம்னா? சாமி கும்பிடுறீங்களா?"

"ஓம் எண்டா, நல்லாயிருக்கு எண்டு."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கடைக்காரியிடம் சீன மொழியில் ஏதோ சொன்னார். அவள் முகம் கோணாமல் அந்தப் பழத்தை ஒதுக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் பழம் வெட்டினால் வாங்கியதுதான். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கலாம், மணந்து பார்க்கலாம். வெட்டச் சொல்லி வாயிலும் வைத்துவிட்டு வேண்டாம் என்றால், அந்த வியாபாரி எங்கள் பரம்பரைக்கே பெயர் வைத்துவிடுவான்.

"வெட்டினதை வாங்காமல் விடுறது பிழையெல்லோ?" என்று மெல்லக் கேட்டேன். "நாங்கள் வாங்குவம். பாவம் அவ."

"இல்ல சம்மந்தி. பேர் உள்ள பழத்துல சொல்ல வேண்டியது இல்ல. இது கம்பத்துப் பழம். திறந்து வாயில வச்சாதான் தெரியும். வேணாம்னா வேணாம்னு சொல்லணும், அதுதான் வழக்கம். அவளுக்குக் கோவம் வராது. நீங்க நல்லா இருக்குன்னு பொய் சொல்லி வாங்கிட்டுப் போயி வீட்டுல குப்பையில போட்டீங்கன்னா, அதுதான் அவளுக்குக் கோவம்."

இரண்டாம் பழம் வெறும் இனிப்பு. லிம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். சொல்ல வேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான்.

"வேண்டாம்" என்றேன்.

லிம் கைதட்டினார். கடைக்காரியும் சிரித்துவிட்டாள். அதையும் ஒதுக்கிப் போட்டாள்.

மூன்றாம் பழத்தின் சுளை மெலிந்து, கொட்டை பெருத்திருந்தது. வெளிறிய மஞ்சள். நாக்கில் பட்டதும் இனித்தது. விழுங்கும்போது தொண்டையில் ஒரு கசப்பு ஏறியது. நல்லெண்ணெய் காய்ச்சினால் வருகிற மாதிரி ஒரு வாசம் மூக்கால் வந்தது. இனிப்பு முடிந்த பிறகும் கசப்பு நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது. சொன்னேன்.

"ஆங்! இப்ப உங்க மொகம் பேசுது" என்றார் லிம்.

4

அந்தப் பெண் பழத்தைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது லிம் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பழத்தைப் பற்றிக் கேட்ட அதே குரல்.

"என் மகன் சீனன். அதனால வேணாம்னு நெனச்சீங்க. இல்ல?"

நான் விரலில் ஒட்டியிருந்த பழத்தைத் துடைத்தேன்.

"பரவால்ல, சொல்லலாம். அபி எங்க வீட்டுக்கு வந்துச்சு. கலியாணத்துக்கு ஒரு வாரம் முந்தி. எனக்கும் என் பொண்டாட்டிக்கும் சாரி சொல்லுச்சு. எங்க அப்பா பழைய ஆளு, மன்னிச்சுக்கோங்கன்னு அழுதுச்சு. வேணாம்னு சொல்றவங்க மேல எனக்குக் கோவம் இல்ல சம்மந்தி. ஆனா உங்க வாயால கேக்கணும். ஒரு வருசம் காத்துட்டு இருந்தேன்."

அபி அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டது எனக்குத் தெரியாது. அங்கேயும் எனக்காக அவள்தான் கதைத்திருக்கிறாள். நான் கதைக்காததற்கும் அவள் கதைத்திருக்கிறாள்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழாவில் என்னை ஒரு சிறிய பேச்சுக்கு விட்டார்கள். பாடமாக்கி இருந்தேன். மேடையில் ஏறி "பெரியோர்களே" என்றேன். அதற்கு மேலே வரவில்லை. சனம் கொஞ்சநேரம் பொறுத்திருந்தது. பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு பெடியன் என் குரலிலேயே "பெரியோர்களே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் தகப்பன், ஐயாவும் அங்கே இருந்தார். அவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததுதான் கூடுதலாகச் சுட்டது. அடுத்த நாள் வயிற்றுக்குத்து என்று படுத்தேன். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவேயில்லை. ஐயா வருத்தமாகிப் படுக்கையில் விழுந்ததும், நான் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த வருஷம்தான். வறுமையால் படிப்பு நின்றது என்று வாழ்க்கை முழுக்கச் சொல்லி வந்திருக்கிறேன். மலரும் அபியும் அதைக் கேட்டு இரங்கியிருக்கிறார்கள். வறுமை இருந்தது, பொய்யில்லை. ஆனால் எங்களைவிட வறுமையான வீட்டுப் பெடியன்கள் ஆறாம் வகுப்புக்குப் போனார்கள்.

இதையெல்லாம் லிம்மிடம் நான் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்.

"சீனன் எண்டு இல்லை. எனக்குப் பயம்."

"என்ன பயம்?"

"மைக்."

"மைக்கா?"

"ஓம். எழும்பி நிண்டு கதைக்க எனக்கு வராது. அதைச் சொல்ல வெக்கம். அதாலை மற்றதைச் சொன்னனான்."

லிம் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கடைக்காரி பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அன்னிக்கு உங்க அஞ்சு நிமிசத்த நான்தான் பேசினேன். தெரியுமா?"

"தெரியாது."

"பேர் கூப்பிட்டாங்க. தாள்ல உங்க பேர எடுக்க மறந்துட்டாங்க. யாரும் வரல. எல்லாரும் பாக்குறாங்க. நான் எந்திரிச்சுப் போயிட்டேன். தமிழ்ல பேசினேன்."

"என்ன கதைச்சனீங்கள்?"

"வீடியோ இருக்கு." பெட்டியை வாங்கி என் கையில் தந்தார். "மைக் கதைய எங்கிட்டச் சொல்லி என்ன ஆகும் சம்மந்தி? அபிகிட்டச் சொல்லுங்க. இப்பவே போவோம்."

5

அபியும் ஜேசனும் ஒரு கொண்டோவில் பதினெட்டாம் மாடியில் இருக்கிறார்கள். நான் அங்கே போனது அதுதான் முதல்முறை. கீழே இருந்த காவல்காரன் பெட்டியின் மணத்தைக் கண்டு மூக்கைச் சுருக்கினான். எலிவேற்றரில் எங்களோடு ஏறிய ஒரு பெண் நாலாம் மாடியிலேயே இறங்கிவிட்டாள்.

கதவைத் திறந்த அபி முதலில் லிம்மைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா?"

ஒரு வருஷமாக ஹாய்க்கும் பாய்க்கும் பழகியவள். கதவைப் பிடித்தபடி நின்றாள். லிம் பெட்டியை ஜேசனிடம் கொடுத்து, அவனை இழுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். பழத்துக்காகச் சாத்தியதுபோலத்தான் இருந்தது.

குசினியில் நின்றே சொன்னேன். கடையில் சொன்னதைவிடக் குறைவாகவே வந்தது. "பிள்ளை, நான் அண்டைக்குச் சீனன் எண்டு சொன்னது பொய். எனக்கு அந்த மைக்குக்குத்தான் பயம்."

அவள் விளங்காதவள் போலப் பார்த்தாள்.

"மைக்? சீரியஸ்லி?"

"ஓம்."

"அப்ப ஜேசனை உங்களுக்கு...?"

"ஜேசன் நல்ல பிள்ளை. அவனிலை ஒரு குறையும் இல்லை."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷப்படுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்கு வந்திருக்க வேண்டிய கோபம்.

"ஒரு வருசம், அப்பா. ஒரு வருசமா இவையளின்ரை முகத்தைப் பார்க்க எனக்கு வெக்கம். மை டாட் இஸ் எ ரேசிஸ்ற் எண்டு என்ரை மனுசனுக்கு நானே சொல்லியிருக்கிறன். நானே! நீங்கள் பயம் எண்டு சொல்லியிருந்தா நான் என்ன செய்திருப்பன் தெரியுமோ? அந்தத் தாளிலை ஒரு லைனை அழிச்சிருப்பன். வன் லைன். டிலீற். அவ்வளவுதான். நீங்கள் வந்து ஒரு கதிரையிலை இருந்து சாப்பிட்டிட்டுப் போயிருக்கலாம்."

"பிழை பிள்ளை."

"பிழைதான்" என்றாள்.

பரவாயில்லை அப்பா என்று அவள் சொல்லவில்லை. நான் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அவள் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். என்னைச் சோபாவில் இருக்கச் சொன்னாள். தானும் மற்ற மூலையில் இருந்து ரீவியைப் போட்டாள்.

"மாமா கதைச்சதை நீங்கள் பார்க்கேல்லைத்தானே. பாருங்கோ."

மண்டபம் வந்தது. சனம் நிறைந்திருந்தது. லிம் கோட் சூட்டோடு மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கப் பார்த்தார். அது இறங்கவில்லை. ஒரு கையால் அதை வளைத்துப் பிடித்துக்கொண்டார். "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். எங்கள் ஆட்களின் மேசைகளிலிருந்து ஓவென்று ஒரு சத்தம் எழும்பியது. சிரிப்பும் விசிலும். மலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பொண்ணோட அப்பா இன்னைக்கு வரல. அவருக்கு வேல. அவரு ரொட்டி செய்யுறாரு. நாளைக்குக் காலையில நீங்க எல்லாரும் எந்திரிச்சு ரொட்டி சாப்பிடுவீங்க. அது அவரு செஞ்சது. அவரு இல்லன்னா ரொறன்ரோவுக்குப் பசி. அதனால யாரும் அவர ஒண்ணும் சொல்லக் கூடாது. அவருக்குப் பதிலா நான் பேசுறேன். என் தமிழ் மோசம். மன்னிச்சுக்கோங்க."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல அடங்கினார்கள். ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். லிம் எங்கள் பேரை இழுக்காமல், எங்களைக் குறை சொல்லாமல், ஒரு முழுக் குடும்பத்தின் மானத்தையும் அந்த மைக்கை வளைத்தபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் நான் ரெக்ஸ்டேலில் வேலைத்தொப்பியோடு நின்றிருந்தேன்.

கமரா மணமக்களின் பக்கம் திரும்பியது. ஜேசன் தகப்பனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தோழிப் பெண்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் இருந்த எல்லோருடைய முகமும் மேடைப் பக்கம் இருந்தது. சிவப்புக் கூறைச் சேலையில் அபி மட்டும் கழுத்தைத் திருப்பி, மண்டபத்தின் பின்பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் முடிந்தும் அவள் முகத்தைத் திருப்பவில்லை.

"அங்கை ஆரைப் பார்க்கிறாய் பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஒருத்தரையும் இல்லை அப்பா" என்றாள். "அது கதவு."